புதுப்பித்தலும் பேரேடும்

திண்டுக்கல் நகரின் ஒரு பகுதியாகிய நாகல் நகரை நம் கல்லூரி அன்பர் பலர் அறிவர். சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தெருக்கள் ஒருபுறம்; இரும்பையும் பித்தளையையும் அராவும் ஓசை ஓயாத பூட்டுப் பட்டறைகள் மற்றொருபுறம். திண்டுக்கல் பூட்டின் பெயர் நாடெங்கும் பரவியது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தகைய பட்டறை ஒன்றில் சென்ற ஆண்டு நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நிகழ்ச்சி சிறியது, அதனால் விளைந்த நட்டம் சிறியதன்று. அந்நட்டத்திற்குப் பெரும்பாலும் நாமே பொறுப்பாளர் என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டு மேற்செல்கின்றோம்.

அப்பட்டறையின் உரிமையாளர் நமக்குப் பல்லாண்டுப் பழக்கமுடையவர். வயதில் மூத்தவராதலின் அவரை அண்ணன் என்றே அழைப்போம். பூட்டின் உறுப்புக்களைத் தொழிலாளர் பலர் தத்தம் வீடுகளிலேயே செய்து கொடுப்பர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. தீபாவளிக்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், கலியாணம் காதுகுத்துக்கும் அவர்கள் முன்பணம் வாங்குவர். வாரந்தோறும் கூலியிற் சிறிது சிறிதாய்க் கழித்துவருவர். பூட்டு வாங்கும் கடைக்காரர்களோ சரக்கைக் கடனுக்கு எடுத்துச் சென்று தவணையிற் பணம் கொடுப்பர். இவ்விருவகைக் கணக்கையும் அண்ணனின் தந்தையார் சிவப்பு அட்டையிட்ட நீண்ட பேரேட்டில் எழுதிவந்தார். அண்ணனும் அங்ஙனமே எழுதினார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் மகள் கைப்பேசியிற் கணக்குச் செயலி ஒன்றை இட்டுக் கொடுத்தாள். கூட்டலிற் பிழையில்லை; கடைக்காரருக்கு நினைவூட்டுச் செய்தியும் தானே சென்றது. பேரேடு பரணுக்கு ஏறிற்று.

ஒருநாட் காலை அச்செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதன்பின் அதைத் தொட்டால் ஒரு கணம் திறந்து உடனே மூடிக்கொள்ளும். அண்ணன் நம்மிடம் கைப்பேசியுடன் வந்தார். கணினி தெரிந்தவர் என்று தெருவார் நம்மைப்பற்றிக் கொண்டிருந்த மதிப்புக்கு ஏற்ப, நாமும் சற்றேனும் தயங்காது, "அதை நீக்கிவிட்டு மீண்டும் இடுங்கள், சரியாகிவிடும்" என்றோம். சரியாகத்தான் ஆயிற்று. செயலி திறந்தது, மூடிக்கொள்ளவுமில்லை. ஆயின் உள்ளே ஒரு பெயரேனும் இல்லை. கடையிலிருந்து அன்றுதான் வாங்கிவந்த பேரேட்டின் முதற்பக்கம் போல வெறுமையாய்க் கிடந்தது. "தம்பி, கணக்கெல்லாம் எங்கே?" என்று அவர் வினவியபொழுது விடை கூற நமக்கு வாய் எழவில்லை.

இரண்டு நாட்களுக்குப்பின் செயலியை ஆக்கியோர் பிழையைத் திருத்தி மற்றொரு பதிப்பை வெளியிட்டனர். அதே செயலியை வைத்திருந்த நூல் வியாபாரி ஒருவர் அவ்விரண்டு நாளும் ஒன்றும் செய்யாது வாளா இருந்தார். அவருடைய கணக்கு ஒரு வரியும் குறையாமல் திரும்பக் கிடைத்தது. அண்ணனின் கணக்கும் அக்காலைப்பொழுதில் அழியவில்லை; நம் அறிவுரையைக் கேட்ட பின்னரே அழிந்தது. இதனை அறிந்த நாள்முதல் இவ்விஷயத்தைச் சிறிது ஊன்றிப் பயின்றோம். பயின்றவற்றுள் மாணவருக்கும் மற்றோர்க்கும் பயன்படத் தக்கவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

செயலி வேறு, பயனர் அதில் எழுதிய கணக்கு வேறு என்பதே முதலில் உணரற்பாலது. கைப்பேசித் திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். உள்ளேயோ அவை வெவ்வேறிடத்தில் உள்ளன. ஆண்ட்ராய்டு முறையில் ஒரு செயலியை இட்டவுடன், அதற்கெனத் தனி எண் ஒன்றும், பிற செயலிகள் நுழையவொண்ணாத தனியறை ஒன்றும் ஒதுக்கப்படுகின்றன. செயல்முறை ஓரிடத்தில் இருக்கும். பயனர் எழுதும் கணக்கு அத்தனியறையில் இருக்கும். புதுப்பிக்கும்பொழுது பழைய செயல்முறை அகற்றப்பட்டுப் புதியது வைக்கப்படுகின்றது. அறையை எவரும் தொடுவதில்லை. செயலியை நீக்கும்பொழுதோ செயல்முறையும் போகும், அறையும் அதனுள் இருப்பவையும் போகும். நீக்கி மீண்டும் இடுவதும் புதுப்பித்தலும் முடிவில் ஒரே பதிப்பைத் திரையிற் காட்டுவதால், இரண்டும் ஒன்றென்று நாம் மயங்கினோம். வீட்டுக்கு வெள்ளையடித்தலும் வீட்டை இடித்துக் கட்டுதலும் முடிவில் வெள்ளைச் சுவரையே காட்டும் அல்லவா!

அறையையும் சேர்த்து அழிப்பது கொடுமையென்று சிலர் எண்ணலாம். அவ்வாறன்று. வேண்டாமென்று நீக்கிய செயலியின் இரகசியங்கள் கைப்பேசியின் மூலைகளில் எஞ்சிக் கிடப்பதை யார் விரும்புவார்? முறை நன்முறைதான். அதனை அறியாது ஆணையிட்டவர் மேலதே குற்றம்.

இதனோடு ஒட்டிய மற்றொரு மயக்கமும் உண்டு. கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் அருகருகே இரு பொத்தான்கள் இருக்கும். ஒன்று தற்காலிகச் சேமிப்பை அழிப்பது. மற்றொன்று சேமிப்பு முழுவதையும் அழிப்பது. முன்னையது பட்டறைத் தரையில் விழுந்த இரும்புத்தூளைப் பெருக்குவது போன்றது. எத்தனை முறை செய்தாலும் கேடில்லை. பின்னையது அறையையே காலி செய்வது. இடம் போதவில்லையென்று கைப்பேசி முறையிடும்பொழுது, அவசரத்தில் பின்னையதைத் தொட்டுக் கணக்கிழந்தோர் பலர்.

நிற்க. புதுப்பிக்கும்பொழுது அறை தொடப்படுவதில்லை என்றோம். அங்ஙனமாயின், ஒரு செயலியின் பெயரைச் சூடிக்கொண்டு வேறெவனோ செய்த போலி ஒன்று வந்து, "நானே புதிய பதிப்பு" என்று சொல்லி அவ்வறைக்குட் புகுந்துவிடாதோ? இவ்விடத்திற்றான் பூட்டும் சாவியும் வருகின்றன. நாகல் நகரத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. லீவர் பூட்டில் உள்ள ஒவ்வொரு லீவரும் தனக்குரிய உயரத்திற்கு எழும்பினாலன்றித் தாழ் நகராது. சாவியின் பல் ஒன்று சற்றே பிசகினும் பூட்டு திறவாது. அவ்வாறே செயலியை ஆக்கியோன் தன்னிடமுள்ள இரகசியச் சாவியால் ஒவ்வொரு பதிப்பிலும் கையொப்பம் இடுகின்றான். புதிய பதிப்பு வந்தவுடன் ஆண்ட்ராய்டு அதன் கையொப்பத்தைப் பழைய பதிப்பின் கையொப்பத்தோடு ஒப்பிடும். இரண்டும் பொருந்தினால் புதுப்பிக்கும். பொருந்தாவிடின் ஏற்க மறுக்கும்.

ஒரு வேறுபாடு உண்டு. சாவி தொலைந்த பூட்டை நம்மூர்த் தொழிலாளி ஒருவர் அரம் கொண்டு புதுச்சாவி அராவித் திறந்துவிடுவார். கணித முறையில் அமைந்த இச்சாவி தொலைந்தால் அராவித்தர எவராலும் இயலாது. ஆக்கியோன் சாவியை இழந்தால், அவன் செய்யும் புதிய பதிப்புப் பழையதன்மேல் ஏறாது. பயனர் யாவரும் பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை இடவேண்டும். நீக்கினால் என் ஆகும் என்பதை மேலே கண்டோம். இத்துன்பத்தைக் கருதியே கூகுள் நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டு தொட்டு ஆக்கியோரின் கையொப்பச் சாவியைத் தாமே காத்துவைக்கும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினர். 2021 ஆகஸ்டு முதல் அவர்களுடைய பிளே அங்காடிக்கு வரும் புதிய செயலிகளுக்கு அதனைக் கட்டாயமாக்கினர். 2018-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9-ஆம் பதிப்பு, பழைய சாவியே புதிய சாவிக்குச் சான்று கூறிச் சாவியை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது.

கணினித் துறை மாணவர் இதில் ஒன்றைக் கருதவேண்டும். செயலியைச் செய்து பார்க்கும் பருவத்தில் ஒவ்வொரு கணினியும் சோதனைச் சாவி ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். விடுதியில் ஒரு நண்பரின் மடிக்கணினியிற் செய்த செயலியைப் பத்துப் பேர் தம் கைப்பேசியில் இட்டுப் பயன்படுத்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பதிப்பை வேறொரு நண்பரின் கணினியிற் செய்தால் அது பழையதன்மேல் ஏறாது. "நீக்கிவிட்டு இடு" என்ற பழைய அறிவுரையே அங்கும் ஒலிக்கும். நாம் அதனைக் கூறியதும் இத்தகைய பழக்கத்தால்தான். சோதனைச் செயலியில் இழப்பதற்கு ஒன்றும் இராது. அண்ணனின் கைப்பேசியில் இருந்தது.

இனி, அறை காக்கப்பட்டாலும் அதனுள் இருக்கும் ஏட்டைப் புதிய செயலி படிக்க அறியுமா என்பது அடுத்த வினா. இதுவே இவ்விஷயத்தில் மிக நுட்பமான பகுதி. புதிய பதிப்பில் ஏட்டின் அமைப்பு மாறியிருக்கும். முன்பு பெயரும் தொகையும் மட்டும் இருந்த இடத்தில் இப்பொழுது நாளும் தொலைபேசி எண்ணும் வேண்டும். முன்பு ரூபாயாக எழுதியதை இப்பொழுது பைசாவாக எழுதவேண்டும். பழைய வரிகளைப் புதிய அமைப்புக்கு மாற்றிக் கொண்டுசெல்ல வேண்டும்.

இத்தகைய மாற்றம் ஒன்றை நம் நாடு முழுவதும் ஒரே நாளிற் செய்ததுண்டு. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நயா பைசா வந்தது. அதுகாறும் ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 தம்படி. அன்றுமுதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. கணக்குப்படி ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வரவேண்டும். கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை வகுத்தனர். இப்பொழுது ஒரு கடைக்காரரின் பேரேட்டில் ஒரே வாடிக்கைக்காரர் பெயரில் ஓரணாப் பற்று 16 வரிகள் இருந்தன என்று கொள்வோம். கூட்டினால் ஒரு ரூபாய். மாற்றினால் 100 நயா பைசா. வரி வரியாக மாற்றிப் பின்பு கூட்டினாலோ 96 தான் வரும். நான்கு பைசாவை எவரும் திருடவில்லை. எவரும் தவறாகக் கூட்டவுமில்லை. மாற்றிய வரிசை வேறானமையால் அது மறைந்தது. விவரமறிந்த கணக்கர் முதலில் பழைய நாணயத்திலேயே இருப்பைக் கட்டி, அவ்விருப்பை மட்டும் மாற்றிப் புதிய ஏட்டில் ஏற்றுவார். பழைய ஏட்டையும் கிழித்தெறியாது கட்டி வைப்பார்.

செயலி ஆக்குவோர்க்கும் இதனினும் சிறந்த பாடம் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மேலும், நாள் குறிக்கப்படாத பழைய வரிகளுக்குப் புதிய ஏட்டில் எந்த நாளை இடுவது? மாற்றம் நிகழ்ந்த நாளை இட்டுவிட்டால், இரண்டாண்டுப் பழங்கடனும் இன்று வாங்கியது போலத் தோன்றும். வரி அழியவில்லை, தொகையும் குறையவில்லை, ஆயினும் ஏடு பொய் சொல்கின்றது. வெறும் பக்கத்தைக் கண்டால் மனிதன் உடனே கூக்குரலிடுவான். பொய்யான பக்கத்தை நெடுநாள் நம்பிக்கொண்டிருப்பான். நாள் தெரியாதெனின் தெரியாது என்றே எழுதிவைப்பது நேர்மை.

கைப்பேசிச் செயலிகள் மிகப்பல, கணக்கை எழுத எஸ்.கியூ.லைட் என்னும் ஏட்டுமுறையைப் பயன்படுத்துகின்றன. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. அவ்வேட்டின் தலைப்பில் பதிப்பெண் ஒன்றை எழுதி வைக்கலாம். புதிய செயலி ஏட்டைத் திறக்கும்பொழுது அவ்வெண்ணைப் பார்க்கும். தனக்கு வேண்டியது 4, ஏட்டில் இருப்பது 3 என்று கண்டால், மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றும் வழியைத் தேடும். இங்கே ஒரு படுகுழி உண்டு. எல்லாப் பயனரும் ஒவ்வொரு பதிப்பையும் தவறாது ஏற்பதில்லை. முதற் பதிப்போடு நின்றுவிட்டவர் ஓராண்டு கழித்து நேரே நான்காவதற்கு வருவார். படிக்கட்டில் இடையிலுள்ள படிகள் இல்லாதிருந்தால் அவர் விழுவார். ஆகவே, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என எல்லாப் படிகளும் செயலிக்குள் என்றும் இருத்தல் வேண்டும். பழைய படியை, "இனி யார் ஏறப்போகிறார்" என்று அகற்றுதல் ஆகாது.

வழி எழுதப்படாதிருந்தால் என்ன நிகழும்? இங்கேதான் நம் மாணவர் பலர் அறியாமலே பிழைபுரிகின்றனர். ஆண்ட்ராய்டு முறைக்கென வெளியிடப்பட்ட பாடங்களில் வந்த ஒரு முன்மாதிரி, பதிப்பெண் மாறினால் பழைய அட்டவணையை அழித்துவிட்டுப் புதியதை அமைக்கும்படி கூறுகின்றது. அம்முன்மாதிரியிலேயே, இவ்வேடு இணையத்தில் உள்ள தரவின் நகலே ஆதலால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம் என்ற பொருளில் ஒரு குறிப்பும் உண்டு. நிரலை எடுத்துக்கொள்வோர் குறிப்பை விட்டுவிடுகின்றனர். மூல ஏட்டுக்கும் அதே விதியைச் செய்து, அடுத்த பதிப்பில் பயனரின் ஏட்டைத் தம் கையாலேயே அழிக்கின்றனர்.

2017-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட ரூம் என்னும் துணைநூலகம் வேறு முறையைக் கைக்கொண்டது. மாற்றும் வழி எழுதப்படவில்லையெனின் அஃது ஏட்டைத் தொடாமல் செயலியை நிறுத்திவிடும். ஆக்கியோன் வெளிப்படையாக இசைவு தந்தாலன்றி அழிக்காது. பயனர்க்கு இஃது எங்ஙனம் தோன்றும்? செயலி ஒரு கணம் திறந்து உடனே மூடிக்கொள்வதாகத் தோன்றும். அண்ணனின் கைப்பேசியில் நாம் கண்டது இவ்வகையினதே என்று இப்பொழுது கருதுகின்றோம். தனக்குப் படிக்கத் தெரியாத ஏட்டைக் கெடுத்துவிடலாகாதே என்று அச்செயலி கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. பூட்டு தன் தொழிலைச் செய்தது. நாமோ கதவு திறக்கவில்லையென்று வீட்டை இடிக்கச் சொன்னோம்.

மாற்றத்தின் நடுவே மின்கலம் தீர்ந்து கைப்பேசி அணைந்துவிட்டால் பாதி வரி புதியதாகவும் பாதி பழையதாகவும் நின்றுவிடாதோ என்ற ஐயமும் எழலாம். முழுமாற்றத்தையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டிச் செய்தால் அவ்வச்சம் இல்லை. முற்றும் நிறைவேறினால் புதிய ஏடு. இல்லையேல் பழைய ஏடு அப்படியே. எஸ்.கியூ.லைட் இதற்கெனத் தனிக் குறிப்பேடு ஒன்றை உடன்வைத்துக் காக்கின்றது. அவ்வசதியைப் பயன்படுத்துவது ஆக்கியோன் கடமை.

ஆப்பிள் கைப்பேசிகளில் வேறொரு விநோதம் உண்டு. அங்கும் புதுப்பிக்கும்பொழுது பயனரின் ஏடுகள் காக்கப்படுகின்றன. ஆயின் அவை இருக்கும் அறையின் முழுமுகவரி மாறக்கூடும். நம் ஊர்த் தெருக்களில் வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என இரண்டு எழுதியிருப்பதைக் காண்கின்றோம். பழைய எண் மட்டும் அறிந்த தபால்காரர் வீடு இருக்கும்போதே கடிதத்தைத் திருப்பிவிடுவார். அதுபோல, படம் ஒன்றின் முழுமுகவரியை ஏட்டில் எழுதிவைத்த செயலி, புதுப்பித்தபின் அப்படத்தைக் காணாது விழிக்கும். படம் அங்கேயேதான் இருக்கும். அறைக்குள் எவ்விடத்தில் உள்ளது என்பதை மட்டும் குறித்துவைத்தால் இத்துன்பமில்லை.

இவையெல்லாம் சிறு செயலிகளின் செய்தி. பேராற்றல் வாய்ந்த நிறுவனங்களுக்கு இத்தகைய பிழை நேராது என்று எண்ணுதல் வேண்டா. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் விண்டோஸ் 10-க்குப் பெரும் புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டனர். சிலர் முன்னமே தம் ஆவண அறையை வேறொரு வட்டுக்கு மாற்றி வைத்திருந்தனர்; பழைய அறையிலும் சில கோப்புக்கள் எஞ்சியிருந்தன. வெற்றறை இரட்டையாய் நிற்பானேன் என்று பழைய அறையை நீக்கும்படி புதுப்பிப்பில் ஏற்பாடு செய்திருந்தனர். அறை நீங்கிற்று, உள்ளிருந்த கோப்புக்களும் நீங்கின. சில நாட்களில் வெளியீட்டை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13-ஆம் நாள் மீண்டும் வெளியிட்டனர். இடர்ப்பட்டவர் விகிதம் மிகச் சிறியதென்று நிறுவனத்தார் கூறினர். உண்மையாயிருக்கலாம். ஆயினும் முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களுள் சிலர் இவ்விழப்பை முன்னரே தெரிவித்திருந்தனர். ஆயிரக்கணக்கான முறையீடுகளுக்கிடையே அவர்தம் குரல் கேட்கவில்லை. நம்மைப் போல் அவர்களும் அறைக்குள் எட்டிப் பாராமலே அழித்தார்கள் என்பதை நினைக்க ஒருவகை ஆறுதல் தோன்றுகின்றது. அவ்வாறு ஆறுதல் கொள்வது தகாது என்றும் தோன்றுகின்றது.

தமிழர்க்கே உரிய ஓர் இழப்பையும் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. ஒருங்குறிக்கு முன் தமிழ் எழுத்துக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. 1999-இல் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் இரு முறைகளை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இடைக்காலத்தில் கணக்கும், கடிதமும், கல்லூரி மலர்க் கட்டுரையும் பலவகை எழுத்துருக்களில் எழுதப்பட்டன. கணினி மாறியபின் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். ஓர் எண்ணும் அழியவில்லை. படிக்கும் முறைதான் தொலைந்தது. எம்முறையில் எழுதப்பட்டது என்ற ஒரு சொல்லைக் கோப்பின் பெயரிலேனும் குறித்திருந்தால் மாற்றிக்கொள்வது எளிது. நாகல் நகரில் பேசப்படும் சௌராஷ்டிர மொழிக்கு உரிய எழுத்து 2008-ஆம் ஆண்டிற்றான் ஒருங்குறியில் இடம்பெற்றது. மொழியோ எழுத்துக் குறியீடு எதனையும் எதிர்பாராமல், பல நூற்றாண்டுகளாக ஊர்விட்டு ஊர் பெயர்ந்த மக்களின் நாவிலேயே பத்திரமாக இருந்திருக்கின்றது.

இனிப் பயனர் செய்யத்தக்கது யாது? கணக்கின் நகல் ஒன்று அவ்வறைக்கு வெளியே, கூடுமானால் அக்கைப்பேசிக்கும் வெளியே இருத்தல் வேண்டும். ஆண்ட்ராய்டு 6-ஆம் பதிப்பு 2015-இல் வந்தது முதல் தானியங்கி நகல் ஏற்பாடு ஒன்று உண்டு. அதன்படி ஒவ்வொரு செயலியின் தரவும் 25 மெகாபைட்டு அளவுக்குள் இருப்பின் பயனரின் கூகுள் கணக்கிற் சேமிக்கப்படும். ஆயின் பயனர் அதனை இயக்கியிருக்க வேண்டும். செயலி ஆக்கியோனும் அதனைத் தடுத்திருத்தல் கூடாது. கைப்பேசி இணையத்தோடு இணைந்து ஓய்ந்திருக்கும்பொழுதுதான் அது நிகழும். அண்ணனின் கைப்பேசியில் அது இயக்கப்படவேயில்லை. அன்றியும், சில செயலிகள் கணக்கை மறைமொழியாக்கி வைத்து, அதற்குரிய சாவியைக் கைப்பேசியின் பாதுகாப்பறையில் வைக்கும். அச்சாவி நகலோடு வாராது. பெட்டி வந்து சேரும், திறக்க வழியிராது.

ஆகையால், செயலியிலேயே கணக்கை ஒரு கோப்பாக வெளியிற் கொடுக்கும் வசதி இருப்பின் அதுவே சிறந்தது. அவ்வசதி இல்லாத செயலியில் பிறருடைய முன்பணக் கணக்கை எழுதுவதை நாம் ஒருவருக்கும் பரிந்துரையோம். கோப்பை வாங்கி வைத்தால் மட்டும் போதாது; வேறொரு கருவியில் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத நகல், போட்டுப் பாராத சாவி. புதுப்பித்தபின் செயலி திறக்கவில்லையெனின், முதலில் கையை எடுத்துவிடுவதே நன்று. கைப்பேசியை ஒருமுறை அணைத்து இயக்கலாம்; ஆக்கியோருக்கு எழுதலாம்; திருத்திய பதிப்பு வரும்வரை இரண்டு நாள் தாளில் எழுதலாம். நீக்குவது எப்பொழுதும் இயலும்; நீக்கியதை மீட்பது இயலாது.

இத்தனையும் அறிந்தபின் அண்ணனிடம் சென்று, நம் அறிவுரையாலேயே கணக்கு அழிந்தது என்று கூறினோம். அதுவரை அவர் செயலியை ஆக்கியவர்களையே வைதுகொண்டிருந்தார். சிறிது நேரம் அரத்தை வைத்துவிட்டு நம்மைப் பார்த்தார். "சரி தம்பி, வந்து எழுது" என்றார்.

அன்றுமுதல் பல மாலைகள் அவருடன் அமர்ந்து கணக்கை மீட்டும் எழுதினோம். தொழிலாளர் ஒவ்வொருவராக வந்து, தாம் வாங்கியது இவ்வளவு, கழித்தது இவ்வளவு என்று கூறினர். அவர்களுள் ஒரு மூதாட்டி, அண்ணன் நினைவிற் கொண்டிருந்ததைக் காட்டிலும் தம் கடன் எண்ணூறு ரூபாய் மிகுதி என்று வற்புறுத்தி எழுதச் செய்தார். கடைக்காரர்களுள் பெரும்பாலோர் தம் சீட்டுக்களைக் கொணர்ந்து காட்டினர். இருவர் காட்டவில்லை. அவ்விருவர் பெயருக்கு எதிரே தொகை எழுதாமல் விட்டிருக்கின்றோம்.

பரணிலிருந்து சிவப்புப் பேரேடு இறங்கிற்று. கைப்பேசியிலும் எழுதுகின்றார், வாரக் கடைசியில் இருப்பை மட்டும் பேரேட்டில் ஏற்றுகின்றார். மாத முதல் ஞாயிறன்று நாம் சென்று, செயலி தரும் கோப்பை நம் கணினியில் திறந்து, கைப்பேசியோடு ஒப்பிடுவது வழக்கமாயிற்று. சென்றமுறை ஒப்பிட்டபொழுது ஒரு வரி குறைந்தது. இருவருக்கும் நெஞ்சு துணுக்குற்றது. மேலிருந்து கீழாக மீண்டும் பார்த்தோம். கோப்பை எடுத்தபின், நாம் கணினியைத் திறந்துகொண்டிருந்த சிறு பொழுதில், வாசலில் வந்த ஒருவருக்கு இருநூறு ரூபாய் முன்பணம் கொடுத்து அண்ணன் எழுதிய வரி அது.